வலது கண்ணில் ஒரு சமிக்கி

சிமிட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, கசக்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள், ஆனால் சிமிட்டினாலே உயிர் போகிறதே, பிறகு எதற்கு இந்தச் சலுகை என்று நினைத்துக்கொண்டு மங்கையர்க்கரசி சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் முடியும். கண் என்ன கடை ஷட்டரா, தூக்கி விட்டால் அப்படியே நிற்க. இமை தானாக இறங்கியது, இறங்கின இடத்தில் அந்தச் சின்னச் சில்லு இடித்தது, பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. வலது கண்ணில் மட்டும். இடது கண் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதாக அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கண் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி, லென்ஸ் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலி வரிசை. லென்ஸ் போட்டுவிடும் பெண் ரெஜினா, "அரை மணி நேரம் இப்படியே உக்காருங்கக்கா, கண்ணு பழகட்டும், தண்ணி வடியிறது கொறைஞ்சதும் பாக்கலாம், ஒரு கண்ணுக்குத்தானே போட்டிருக்கேன், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்தில் மகள் ஓவியா, பிளஸ் ஒன் படிக்கிறவள், மடியில் வேதியியல் புத்தகம். பக்கம் புரளவே இல்லை. புத்தகத்தைப் பார்க்கிற சாக்கில் அம்மாவைத்தான் பார்க்கிறாள். அதுதான் பெரிய தொல்லை. இவள் மட்டும் பக்கத்தில் இல்லையென்றால் மங்கை இந்நேரம் எடுத்துடுங்க தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பாள். ஓடத் தெரியாதவள் இல்லை, கல்யாணமான புதிதில் இதே மாதிரி ஒரு நாற்காலியிலிருந்து ஓடினவள்தான். இன்றைக்கு ஓட முடியாது. "நீ போட்டாத்தான் நான் போடுவேன், நீ போடலைன்னா நானும் போடமாட்டேன்" என்று ஓவியா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். தான் இந்த அரை மணி நேரத்தைத் தாண்டவில்லை என்றால் மகள் ஆயுசுக்கும் அரைக்கண்ணோடு திரிவாள். "வலிக்குதாம்மா?" என்றாள் ஓவியா. "சேச்சே, வலியெல்லாம் இல்லடி. லேசா முடி விழுந்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்றாள் மங்கை. சொல்லும்போதே தாடை வழியாக ஒரு சொட்டு இறங்கிக் கழுத்துச் சங்கிலியில் போய் நின்றது.

முடி விழுந்த மாதிரியாம். என்ன வாய் கூசாமல் வருகிறது பொய். உறையூரில் அவள் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறபோது சமிக்கி ஒன்று கத்தரியில் பட்டுத் தெறித்துக் கண்ணுக்குள் விழுந்தது ஒருதரம், அதுதான் சரியான கணக்கு. அதே அளவு, அதே வட்டம். கண்ணுக்குள் ஒரு சமிக்கியை வைத்துத் தைத்து நூலை இழுத்துக் கட்டியது போலத்தான் இருக்கிறது. அன்றைக்கு விழுந்த சமிக்கியைக் கசக்கிக் கசக்கியே வெளியில் தள்ளினாள். கசக்குவது. அதை நினைத்ததும் இரண்டு கையும் மடியிலிருந்து எழுந்துவிட்டன, ஒன்றை ஒன்று பிடித்து உட்கார வைத்தாள். உலகத்தில் எத்தனையோ சுகம் சொல்கிறார்கள், அரிக்கிற கண்ணை முஷ்டி வைத்துக் கசக்குகிற சுகத்துக்கு ஈடாக எதைச் சொல்வது. சின்ன வயசில் வேப்பம்பூ உதிரும் காலம் வந்தால் போதும், கண் அரிக்கும், கசக்கக் கசக்க உள்ளே மஞ்சளும் பச்சையுமாகக் கோலம் விரியும், நிறுத்த மனசே வராது. பள்ளிக்கூட டீச்சர் கையில் அடித்திருக்கிறார். நிறுத்தவில்லை. கருவிழி மெல்லிசாகிப் போய் முன்னால் கூம்பி நிற்கிறது என்று டாக்டர் பிறகு சொன்னார், பந்து மாதிரி இருக்க வேண்டியது உங்களுக்குக் கோன் ஐஸ் மாதிரி இருக்கும்மா, பரம்பரை வாகும் இருக்கணும், கசக்கினதும் சேர்ந்திருக்கும், கண்ணாடி போட்டாலும் பார்வை முழுசாக நேராகாது. சரி, தனக்கு வந்தது தன்னோடு போகட்டும் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தாள். போன வருஷம் ஓவியா கரும்பலகை ரெட்டை ரெட்டையாகத் தெரிகிறது என்று வந்து நின்றபோது மங்கைக்கு உடனே விளங்கிவிட்டது. ஏனென்றால் மகள் கசக்குவதை அவள் பார்த்திருக்கிறாள். தொட்டில் பிள்ளையாக இருந்தபோதே தூக்கம் வந்தால் இரண்டு முஷ்டியையும் கண்ணில் வைத்து உருட்டும், அதைப் பார்த்து மாமியாரும் அவளும் சிரித்திருக்கிறார்கள். சிரித்தாயே பாவி. எனக்குக் கொடுக்க நகை நட்டு இல்லை என்று இதையா கொடுத்தாய் என்று அந்தப் பெண் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் தேவலை. நோய் மேலே ஏறாமல் நிற்க ஒரு வைத்தியம் உண்டு, அதை ஓவியாவுக்குச் செய்து இரண்டு மாதம் ஆயிற்று. இனி ஏறாது. ஏறினது இறங்கவும் செய்யாது, பார்வை வேண்டுமென்றால் லென்ஸ்தான் என்று டாக்டர் சொன்ன அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே ஓவியா அந்த நிபந்தனையைப் போட்டாள். அவள் அப்பா சேதுராமன் மோர் ஊற்றிக்கொண்டார்.

மறுபடியும் சிமிட்டல். மறுபடியும் இடி. இந்தப் பாழாய்ப்போன லென்ஸில்தான் எத்தனை வகை. காலையில் ரெஜினா ஒரு தட்டில் பரப்பிக் காட்டினாள், புடவைக்கடையில் எடுத்துப் போடுகிற மாதிரி. முதலில் சாஃப்ட். விரல் நுனியில் நின்றது, நுங்கின் மேல்தோல் போல வழவழவென்று, பார்க்கவே ஆசையாக இருந்தது. அதில் அன்றன்றைக்குப் போட்டுத் தூக்கி எறிகிறது ஒன்று, மாசம் பூரா கழுவிக் கழுவிப் போடுகிறது ஒன்று. "இது போதுமே, மெத்துனு இருக்கே" என்றாள் மங்கை. அதுக்கென்னக்கா, போட்டா சுகமாத்தான் இருக்கும், ஆனா உங்க கண்ணு எப்படிக் கூம்பியிருக்கோ அப்படியே இதுவும் படிஞ்சு கூம்பிக்கும், கோணல் கோணலாவே தெரியும், மத்தவங்களுக்கு நல்லது, உங்களுக்குப் பிரயோஜனம் கம்மி என்றாள் ரெஜினா. மெத்தென்று இருப்பதெல்லாம் நமக்கு எங்கே ஒத்துவந்தது. லைனிங் துணி மாதிரிதான், உள்ளே உடம்பு எப்படியோ அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது இந்தக் கெட்டி லென்ஸ். வளையாது, கண்ணின் கோணலை அது கேட்டுக்கொள்ளாது, இடுக்கில் கண்ணீர் நிரம்பிக்கொள்ளும், வெளியே நேரான முகப்பு. கேன்வாஸ் வைத்துத் தைத்த காலர். மூன்றாவது ஒன்று, பெரிசு, கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழியில் உட்காருமாம், கிண்ணம் மாதிரி மருந்துத்தண்ணி நிரப்பித் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஏந்திப் போட வேண்டும். கெட்டி லென்ஸ் ஒத்துக்காட்டி அதுக்குப் போவோம் என்றாள். பிறகு பக்குவம் சொன்னாள், அது ஒரு பாராயணம். சோப்புப் போட்டுக் கை கழுவணும், வாசனை சோப்பு, எண்ணெய் சோப்பு ஆகாது, நூல் பிரியாத துணியில் துடைக்கணும். நகம் வளர்க்கக் கூடாது. எப்போதும் வலது கண் முதலில், கழற்றும்போதும் வலது முதலில், இல்லாவிட்டால் மாறிப்போகும். குழாய்த் தண்ணீர் படவே கூடாது, காய்ச்சின தண்ணீரும் கூடாது, அதில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும், கருவிழியைத் தின்றுவிடும். டப்பியில் இருக்கும் பழைய மருந்தோடு புதுசைச் சேர்க்கக் கூடாது, கொட்டிவிட்டுப் புதுசாகத்தான் ஊற்ற வேண்டும். மாவுக்குப் பழைய மாவு சேர்ப்போமே, அந்தப் புத்திக்கு இங்கே வேலை இல்லை. டப்பியையே மூன்று மாசத்தில் மாற்ற வேண்டும். போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. மை பிறகு, லென்ஸ் முதலில். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வெள்ளிக்கிழமை தலை அலசி முடித்து எண்ணெய்க் கை போன பிறகுதான் தொடணும். மிளகாய் கிள்ளின கை, அதைச் சொல்லவே வேண்டாம். கண் சிவந்தால், வலித்தால், வெளிச்சம் கூசினால் உடனே கழற்றிவிட்டு இங்கே வரணும், வீட்டு வைத்தியம் கூடாது. ஒரு குழந்தையை வளர்க்கிற பாடு. ஓவியாவை இத்தனை பக்குவமாக வளர்த்தோமா என்று மங்கைக்குச் சந்தேகமே வந்துவிட்டது. கடைசியாக அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கழண்டு உள்ளாற போயி மூளைப் பக்கம் போயிருச்சுன்னா?" ரெஜினா சிரிக்கவில்லை, எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ. "பின்னாடி வழியே இல்லக்கா. அடைச்ச சுவரு. ஓரமா ஒதுங்கும், அவ்வளவுதான், கண்டுபிடிச்சுரலாம்." அடைத்த சுவர் என்று கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பில்தான் கண்ணைக் காட்டினாள். தானே தன் விரலால் தன் கண்ணைத் தொடுவது என்பது அடுத்த கட்டம், அதை நினைக்கவே கூடாது. கல்யாணமான புதிதில் அன்றைக்கு ஓடினதும் அந்த விரலைப் பார்த்துத்தான். வேறு யாருடைய விரலும் இல்லை, அவளுடையதே, துணி அளந்து அளந்து காய்த்துப்போன ஆள்காட்டி விரல், கண்ணாடியில் பெரிசாகிப் பெரிசாகி வந்தது. வீட்டுக்கு வந்து, எனக்கு அது வேணாம்ங்க, கண்ணாடியே போதும் என்றாள். சேதுராமன் சரி என்றார். அவர் எதற்குத்தான் சரி சொல்லவில்லை. ஒரு தடவை அதட்டியிருக்கலாம் அந்த மனுஷன்.

எதிர்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் தெரியவில்லை, பச்சைப் புடவையும் விபூதி வாசனையும்தான் தெரிந்தன. "அழுவாதீங்க தாயி" என்றாள் மெதுவாக. "கண்ணு போயிருச்சுன்னு சொல்லிட்டாங்களா? எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் சொன்னாங்க. அப்புறம் சரியாப் போச்சு."  இது அழுகை இல்லை, லென்ஸ் என்று சொன்னால் போதும், ஆனால் அந்தக் குரலில் இருந்த இரக்கம் வாயைக் கட்டிப்போட்டது. கடைசியாக யார் அவளிடம் அழாதே என்று சொன்னார்கள். வீட்டில் அவள் அழுகிற ஆள் இல்லை. ஜாக்கெட் இன்னும் ஆகலையா என்று கேட்பார்கள், குழம்பில் உப்பு என்பார்கள், அழாதே என்று சொல்ல யாருக்கும் சந்தர்ப்பமே வைத்ததில்லை அவள். தலையை ஆட்டினாள். அந்த அம்மாள் முந்தானையை எடுத்து, "கண்ணத் தொடைச்சுக்குங்க" என்று கையை நீட்டவும் ஓவியா குறுக்கே பாய்ந்து, "பாட்டி, தொடக்கூடாது, உள்ள லென்ஸ் இருக்கு" என்றாள். "அதானே பாத்தேன், ஒரு கண்ணு மட்டும் அழுவுதேன்னு" என்று அந்த அம்மாள் சமாதானமாகி, சொன்ன இரக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளாமல் மங்கையின் முழங்கையை ஒருதரம் அழுத்திவிட்டு, பேர் கூப்பிட்டதும் எழுந்து போனாள். போகும்போது மங்கை அவளைப் பார்த்துச் சிரித்தாள். அவள் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பாள். அது ஒரு தந்திரம். தெருவில் எதிரே வருகிறவர்கள் யாரென்று தெரியாது, தெரிந்தவர்களைப் பார்க்காமல் போனால் நாலு ஜாக்கெட் தைச்சதும் மண்டைக்கனம் ஏறிருச்சு பாரு என்று பேச்சு வரும், அதனால் வருகிற உருவத்துக்கெல்லாம் ஒரு சிரிப்பைப் போட்டு வைப்பது. நாச்சியார் கோயில் தெருவில் அவளைப் போல நல்ல பெண்பிள்ளை கிடையாது என்று பேர். ஒருதரம் துணிக்கடை பொம்மைக்கும் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தாள். அதை ஓவியா பார்த்துவிட்டு வீடு வரை சிரித்தாள், பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது இருக்கும்.

கார்த்திகைக்குக்கூட மங்கை வீட்டு வாசலில் ஐந்து விளக்குக்கு மேல் இருக்காது. கஞ்சம் என்று எதிர்வீட்டில் சொல்வார்கள். கஞ்சமெல்லாம் இல்லை, அவளுக்கு ஒரு விளக்கே கொத்துக் கொத்தாக ஏழெட்டாய்த் தெரியும், ஐந்து ஏற்றினால் தெருவே ஜெகஜோதியாக இருக்கும், இதற்கு மேல் எதற்கு என்றுதான் நினைத்திருந்தாள். மற்றவர்களுக்கு ஒரு விளக்கு ஒரு விளக்காகத்தான் தெரிகிறது என்பதே அவளுக்கு முப்பது வயசுக்கு மேல்தான் உறைத்தது. மூன்றாம் பிறை பார்க்க எல்லோரும் மொட்டை மாடியில் கையை நீட்டும்போது அவளும் அந்தப் பக்கம் பார்த்து, ஆமா தெரியுது என்பாள், கன்னத்தில் போட்டுக்கொள்வாள். தெரிந்ததே இல்லை. இப்படியே காலம் ஓடிவிட்டது, என்ன கெட்டுப்போயிற்று. ஊசியில் நூல் கோக்கலாம், துணியை மூக்கருகில் கொண்டுபோனால் தையல் தெரியும், பஸ்ஸை நிறத்தை வைத்துப் பிடிக்கலாம். ஓவியாவும் இப்படியே சமாளித்துவிட மாட்டாளா. இந்த நினைப்பு வந்ததும் மங்கைக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. சமாளிப்பாள். எல்லோருக்கும் சிரித்துச் சிரித்து, தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லிச் சொல்லி, நல்ல பெண் என்று பேர் வாங்குவாள். அந்தப் பேரை வாங்குகிற பாடு எனக்குத் தெரியாதா. கூடாது. வேண்டவே வேண்டாம். அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் என்னமோ எழுதியிருந்தது, ஒரு நீலப் பட்டை, அதன் மேல் வெள்ளை. சிமிட்டினாள், வலி, தண்ணீர். தண்ணீர் வழிந்து முடித்த ஒரு நொடியில் அந்த வெள்ளை ஒன்றுகூடி எழுத்தாக நின்றது. அமைதி காக்கவும். உடனே கலைந்தது. மறுபடியும் சேர்ந்தது. எழுத்துக்கு இத்தனை கூர்மையான ஓரம் உண்டா, கத்தரியால் வெட்டின மாதிரி. கீழே ஒரு பல்லி. பல்லியின் வால். அதை அவள் இங்கே உட்கார்ந்த நேரம் முழுக்கச் சுவர்க் கீறல் என்றல்லவா நினைத்திருந்தாள். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் முதலில் பயம்தான் வந்தது, இதெல்லாம் இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறதே என்று. இன்னும் நன்றாகப் பார்க்கலாமென்று கண்ணை அகலத் திறந்து மேலே பார்த்தாள், சில்லு இமையில் நங்கென்று மோதியது, "ஸ்ஸ்" என்று சத்தமே வந்துவிட்டது.

"மேல பாக்காதம்மா" என்றாள் ஓவியா. புத்தகத்தை மூடியிருந்தாள். "கீழ பாரு. உன் காலைப் பாரு. கீழ பாத்தா இமையோட ஓரம் லென்சுல இடிக்காது. அப்படியே மெதுவா சிமிட்டு, பாதி சிமிட்டாத, முழுசா மூடித் தொற. பாதி சிமிட்டினாத்தான் ஜாஸ்தி குத்தும்." மங்கை காலைப் பார்த்தாள். முழுசாக மூடித் திறந்தாள். வலி பாதியாகக் குறைந்தது, நிஜமாகவே குறைந்தது. கால்விரல் மெட்டியில் இருந்த பூ வேலைப்பாடு ஒவ்வொரு இதழாகத் தெரிந்தது. நல்ல பிள்ளை, எவ்வளவு பொறுப்பாக ரெஜினா சொன்னதையெல்லாம் கேட்டு வைத்திருக்கிறது என்று நினைத்தாள். ஆனால் ரெஜினா இதைச் சொல்லவில்லையே. கை கழுவுவதிலிருந்து டப்பி வரைக்கும் சொன்னாள், இதைச் சொல்லவில்லை. புத்தகத்தில் படித்திருப்பாளோ. பாதி சிமிட்டினால் அதிகம் குத்தும் என்பது படித்து வருகிற சங்கதியா. அது குத்தினவர்களுக்குத்தான் தெரியும். நினைப்பு அங்கேயே நின்றது, எத்தனை தள்ளியும் நகரவில்லை. போன வாரம் அப்பாவும் மகளும் செக்கப் என்று வந்தார்கள், இவள் முகூர்த்த ஜாக்கெட் முடிக்க வேண்டியிருந்ததால் வரவில்லை. பொழுது சாய்ந்துதான் திரும்பினார்கள். ஓவியாவின் இரண்டு கண்ணும் சிவந்திருந்தன, பஸ்ஸில் ஒரே தூசி என்றாள். அன்றைக்கு ராத்திரிதான் தட்டைப் பார்த்தபடி அந்த நிபந்தனை. சேதுராமன் ஒன்றும் தெரியாத மாதிரி மோர் ஊற்றிக்கொண்டாரே, எனக்கு உறைக்கவில்லையே.

"நீ எப்ப போட்டுப் பாத்த?" என்றாள் மங்கை, காலைப் பார்த்துக்கொண்டே.

ஓவியா புத்தகத்தின் முனையை நெருடினாள். "போன வாரம். அப்பா கூட வந்தப்ப. ரெண்டு கண்ணுக்கும் போட்டாங்க. நானே கழட்டவும் செஞ்சேன், மூணாவது தடவையில வந்துருச்சு. எனக்கு லென்ஸ் ஆர்டர் குடுத்தாச்சும்மா."

"அப்புறம் எதுக்குடி நான் போட்டாத்தான் போடுவேன்னு சொன்ன?"

"சொல்லலைன்னா நீ வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்தது. யாராவது தன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இழுத்தால்தான் அவள் நகர்வாள், தனக்கென்று ஒரு அடி வைத்ததில்லை. மகளுக்காக என்று சொன்னால் தீயிலும் நடப்பாள், உனக்காக என்று சொன்னால் எனக்கென்ன, நான் இருந்துட்டுப் போறேன் என்பாள், இது எப்படி இந்தப் பொடிசுக்குத் தெரிந்தது. கோபம் பொங்கியது. ஏமாற்றிவிட்டார்கள், அப்பாவும் மகளும் சேர்ந்து. பொங்கின வேகத்திலேயே வடிந்தும் போயிற்று. அப்படியென்றால் இந்தப் பெண் தப்பித்துவிட்டாள், தான் இங்கே ஜெயித்தாலும் தோற்றாலும் அவள் பார்த்துவிடுவாள், பிறையைப் பார்ப்பாள், கரும்பலகையைப் பார்ப்பாள். மங்கையின் நெஞ்சில் இத்தனை மாதமாக உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. இறங்கினதும் அந்த இடம் ஒரே காலியாக இருந்தது. இனி இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க ஒரு காரணமும் இல்லை. யாருக்காகவும் இல்லை. இப்போதே எழுந்து, எடுத்துடுங்க என்றால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வராது. தலையை மெதுவாக உயர்த்தி மகளைப் பார்த்தாள். இரண்டு முழ தூரத்தில் ஓவியாவின் முகம் ஒரே முகமாக இருந்தது, நெற்றியில் இரண்டு பரு, புருவத்துக்குக் கீழே அம்மை வடு ஒன்று. அம்மா என்ன சொல்லப் போகிறாளோ என்று அந்த முகம் பயந்துபோய் இருந்தது. அந்தப் பயத்தை இவ்வளவு தள்ளியிருந்து பார்க்க முடியும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"வலிக்குதுடி" என்றாள் மங்கை. "ரொம்ப வலிக்குது."

"தெரியும்மா."

கதவைத் திறந்துகொண்டு ரெஜினா வந்தாள், குனிந்து கண்ணைப் பார்த்தாள். "இன்னும் தண்ணி நிக்கலையேக்கா. கஷ்டமா இருந்தா இன்னிக்கு எடுத்துரலாம். கட்டாயம் ஒண்ணும் இல்ல, அப்புறமா ஒரு நாள் வாங்க."

"எடுக்க வேணாம்" என்று மங்கை எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "இன்னொரு கண்ணுக்கும் போட்டு விடுங்க."